இதயத் தசைச் செல்லில் கால்சியம்: ஒரு கருதுகோளின் எடை

இதயச் செயலிழப்பு ஆராய்ச்சியில் ஏறத்தாழ 40 ஆண்டுகளாக ஒரு கருத்து முன்வரிசையில் நிற்கிறது. நோயுற்ற இதயத் தசைச் செல்லால் கால்சியத்தைச் சரியாகக் கையாள முடியவில்லை. அந்தக் கோளாறை நீக்கினால் இதயம் மீளும் என்பதே அது. இந்த ஒற்றைக் கருத்துக்குள் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. முன்பாதி ஒரு கண்டுபிடிப்பு. பின்பாதி ஒரு வாக்குறுதி. முன்பாதிக்குக் கிடைத்த சான்றுகளையே பின்பாதிக்கும் சான்றாக எடுத்துக்கொண்டதால்தான் இந்தத் துறை பெரிய விலை கொடுத்தது என்று கருதுகிறேன். இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

இதயச் செயலிழப்பு என்பது மாரடைப்பு அல்ல. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபட்டுத் தசை சாகிறது. செயலிழப்பில் இதயம் துடித்துக்கொண்டே இருக்கும், ஆனால் உடலுக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ளாது. கால் வீங்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், நாலு படி ஏறினால் நின்றுவிடத் தோன்றும். எக்கோ எடுத்த மருத்துவர் ‘பம்பிங் 25 சதவீதம்தான் இருக்கிறது’ என்பார். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசப்படும் கால்சியத்துக்கும் எலும்புக்காக விழுங்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கும் நோயாளியின் செல்லுக்குள்தான் இந்தக் கோளாறு நடக்கிறது. மாத்திரையைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது மாறாது.

இதயம் துடிக்கக் கால்சியம் வேண்டும் என்பது பழைய செய்தி. லண்டனில் சிட்னி ரிங்கர் குழாய்த் தண்ணீரில் கலந்த உப்புக் கரைசலில் தவளை இதயம் துடித்தது. வடிநீரில் கலந்ததில் நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியமே காரணம் என்று 1883-இல் அவர் எழுதினார். அந்தக் கால்சியம் செல்லுக்குள் என்ன செய்கிறது என்பது தெளிவாக இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின.

ஒரு துடிப்பைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஓய்விலிருக்கும் இதயத் தசைச் செல்லுக்குள் கட்டற்ற கால்சியத்தின் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 100 நானோமோல். செல்லுக்கு வெளியே அது பத்தாயிரம் மடங்கு அதிகம். மின்தூண்டல் செல்லின் மேற்பரப்பிலும், அதிலிருந்து உள்நோக்கிச் செல்லும் டி-குழாய்களிலும் பரவியதும் எல்-வகைக் கால்சியம் சேனல்கள் திறக்கின்றன. சிறிதளவு கால்சியம் நுழைகிறது. அது எதிரே இருக்கும் ரையனோடின் ஏற்பிகளைத் திறந்துவிட, சார்க்கோபிளாச வலை என்ற உட்கிடங்கிலிருந்து பெருமளவு கால்சியம் வெளியே பாய்கிறது. செல்லுக்குள் அதன் அளவு ஒரு மைக்ரோமோலை நெருங்குகிறது. கால்சியம் டிரோபோனினோடு சேர்ந்ததும் மயோசின் ஆக்டினைப் பற்றி இழுக்க, தசை சுருங்குகிறது.

தளர வேண்டுமானால் வந்த கால்சியம் அத்தனையும் அகல வேண்டும். மனித இதயத்தில் அதில் சுமார் 70 சதவீதத்தை செர்கா 2ஏ என்ற பம்பு கிடங்குக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. 28 சதவீதம் போல சோடியம்-கால்சியம் பரிமாற்றி வழியாக வெளியேறுகிறது. எலியிலும் சுண்டெலியிலும் செர்காவின் பங்கு மட்டுமே 90 சதவீதத்துக்கு மேல். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் ஏமாற்றங்கள் சிலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. செர்காவை அடக்கி வைப்பது ஃபாஸ்போலாம்பன், 52 அமினோ அமிலங்களே கொண்ட சின்னஞ்சிறு புரதம். அட்ரினலின் சுரந்தால் பி.கே.ஏ. என்ற நொதி இந்தப் புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றும், அடக்கம் தளரும், பம்பு வேகம் பிடிக்கும். ஓடும்போது இதயம் வேகமாகச் சுருங்குவதோடு வேகமாகத் தளரவும் முடிவது இதனால்தான்.

நோயுற்ற இதயத்தில் இந்த ஏற்பாடு குலைந்திருக்கிறது என்பதற்கு முதல் வலுவான மனிதச் சான்று 1987-இல் பாஸ்டனிலிருந்து வந்தது. ஜூடித் குவாத்மி, ஜேம்ஸ் மார்கன் குழு, மாற்று அறுவைச் சிகிச்சையின்போது நோயாளிகளிடமிருந்து அகற்றப்பட்ட இதயங்களை வாங்கி, உட்சுவரிலிருந்து மெல்லிய தசை இழைகளைப் பிரித்தது. அந்த இழைகளுக்குள் ஏக்வோரின் செலுத்தப்பட்டது. ஜெல்லி மீனிலிருந்து எடுக்கப்படும் இந்தப் புரதம் கால்சியம் பட்டால் நீல ஒளி விடும். நலமான இதய இழையில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒளி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கியது. நோயுற்ற இழையில் எழுந்த ஒளி அடங்கவில்லை. நீண்டது, இரண்டு கூறுகளாகப் பிரிந்தது. தசையின் தளர்ச்சியும் அதே கணக்கில் தாமதமானது. பரிசோதனைக் கூடத்து விலங்குத் தசை அல்ல அது. நோயில் நொந்து மார்பிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட மனித இதயம். இந்தத் துறையின் ஆய்வுத்தாள்களில் நான் மிக உயரத்தில் வைப்பது இதைத்தான், ஏனென்றால் அளந்ததற்கு மேல் ஒரு வார்த்தையும் உரிமை கொண்டாடாமல் அது நின்றுகொண்டது.

பின்வந்த அளவீடுகள் படத்தை நிறைவாக்கின. 1992-இல் ஜெர்மனியின் பாய்கெல்மான், நேபவர், எர்ட்மான் ஆகியோர் மனித இதயத்தின் தனிச் செல்களில் அளந்தபோது, நோயுற்ற செல்லில் ஓய்வுநிலைக் கால்சியம் கூடியும் உச்சநிலைக் கால்சியம் பாதியளவாகக் குறைந்தும் இருந்தது. ஒரே கோளாறு சுருங்குவதையும் தளர்வதையும் சேர்த்தே கெடுக்கிறது. நலமான மனித இதயம் துடிப்பு வேகம் கூடக் கூட வலுவாகச் சுருங்கும்; செயலிழந்த இதயம் வேகம் கூடினால் வலு குன்றும். படியேறும்போது நோயாளி நின்றுவிடுவதற்கு இதில் ஒரு நேரடி விளக்கம் இருக்கிறது. பரிமாற்றியின் செயல் கூடுகிறது, செல்லுக்குள் சோடியம் ஏறுகிறது, டி-குழாய்கள் சிதைகின்றன. பல நாடுகளின் பல ஆய்வகங்கள் இவற்றைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. கோளாறு இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை ஐயத்துக்கு இடமின்றி ‘ஆம்’.

ஆனால் கோளாறு எங்கே என்று கேட்டதும் சான்று பிளவுபடுகிறது. கெர்ட் ஹாஸன்ஃபஸ் குழு 1994-இல் செர்கா புரதம் குறைந்திருப்பதையும், அந்தக் குறைவு தசையின் வலுவோடு ஒத்துப்போவதையும் காட்டியது. அடுத்த ஆண்டே ராபர்ட் ஷ்விங்கர் குழு, அதே வகை நோயாளிகளின் இதயத்தில் செர்காவின் அளவும் ஃபாஸ்போலாம்பனின் அளவும் மாறவில்லை, பம்பின் செயல்தான் குறைந்திருக்கிறது என்றது. இரண்டையும் பொய் என்று தள்ள முடியாது. இறுதிக்கட்ட நோயாளிகளிடையே வேறுபாடு உண்டு, ஒப்பீட்டுக்கு வைக்கும் ‘நலமான’ இதயங்களும் பெரும்பாலும் மாற்றுக்குப் பயன்படாமல் போனவையே. ஆக, பம்பு மந்தமாகிறது என்பது உறுதி. பம்பின் எண்ணிக்கை குறைவதால் மந்தமாகிறது என்பது உறுதியல்ல. அடுத்து வந்த மரபணுச் சிகிச்சை இந்த இரண்டாவது கூற்றின் மேல்தான் கட்டப்பட்டது.

ஒரு கோளாறு நோயில் காணப்படுவதாலேயே அது நோயின் காரணமாகிவிடாது. நலமான இதயத்தில் அந்தக் கோளாறை மட்டும் உண்டாக்கினால் நோய் வர வேண்டும். நோயுற்ற இதயத்தில் அதை மட்டும் நீக்கினால் நோய் தணிய வேண்டும். இந்த இரு கேள்விகளையும் செர்காவிடம் கேட்போம்.

முதல் கேள்விக்கு இயற்கையே ஒரு சோதனை நடத்தி வைத்திருக்கிறது. டேரியர் நோய் என்றொரு மரபுவழித் தோல் நோய் உண்டு. செர்கா 2-க்கான மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதாவதுதான் அதற்குக் காரணம் என்று 1999-இல் கண்டறிந்தார்கள். இவர்கள் பிறந்தது முதல் உடல் முழுதும் ஒற்றைப் பிரதியோடு வாழ்பவர்கள். செர்காக் குறைவு தனியாகவே இதயத்தைச் செயலிழக்கச் செய்யும் என்றால், தோல் மருத்துவரிடம் போகும் இவர்கள் இதய மருத்துவரிடமும் வரிசையில் நின்றிருக்க வேண்டும். எக்கோ வைத்துச் சோதித்தபோது அவர்களின் இதயச் செயல்பாடு இயல்பாக இருந்தது. 2020-இல் ஸ்வீடனின் மக்கள் பதிவேட்டை ஆராய்ந்தவர்கள், இவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று கண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இதுதான்: செர்காக் குறைவு இதயத்தைச் சாய்த்துவிடுவதில்லை, பல்லாண்டுகளில் சற்று எளிதில் சாயக்கூடியதாக ஆக்கலாம்.

சுண்டெலிகளும் இதையே சொல்கின்றன. சின்சினாட்டியில் முத்து பெரியசாமி, கேரி ஷல் குழு 1999-இல் ஒரு பிரதி நீக்கப்பட்ட சுண்டெலிகளை ஆராய்ந்தது. செர்கா மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது, இதயத்தின் சுருங்குதிறனும் தளர்திறனும் குன்றின, ஆனால் அவை செயலிழப்பில் விழவில்லை. நார்வே ஆய்வாளர்கள் 2009-இல் இன்னும் கடுமையாகச் சோதித்தார்கள். வளர்ந்த சுண்டெலியின் இதயத்தில் செர்கா மரபணுவையே வெட்டி எடுத்தார்கள். நான்கு வாரத்தில் புரதம் 5 சதவீதத்துக்கும் கீழே போனது. அப்போதும் இதயச் செயல்பாடு மிதமாகத்தான் குறைந்திருந்தது. எல்-வகைச் சேனலும் பரிமாற்றியும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. பிறகு சில வாரங்களில் அந்தச் சுண்டெலிகள் செயலிழப்பில் வீழ்ந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் மனித நோயில் செர்கா ஒருபோதும் அந்த அளவுக்குக் குறைவதில்லை.

இரண்டாம் கேள்வியில், அதாவது கோளாறை நீக்கும் சோதனையில், நம்பிக்கை ஊட்டிய முடிவுகள் முதலில் வந்தன. சிதையும் இதயத்தோடு பிறக்கும் ஒரு வகைச் சுண்டெலியில் ஃபாஸ்போலாம்பனை நீக்கியபோது நோயே தடுக்கப்பட்டதாக 1999-இல் கென்னத் சியன் குழு அறிவித்தது. அடக்கும் புரதம் போனது, செர்கா முழு வேகத்தில் ஓடியது, இதயம் பிழைத்தது. அதே ஆண்டு ரோஜர் ஹஜ்ஜார் குழு, நோயுற்ற மனித இதயச் செல்களில் செர்கா மரபணுவைச் செலுத்தி, சுருக்கமும் கால்சிய ஓட்டமும் இயல்பை நோக்கித் திரும்புவதைக் காட்டியது. ஃபாஸ்போலாம்பனை முடக்கும் மருந்து கிடைத்தால் போதும் என்ற எண்ணம் அந்நாளில் பரவியதில் வியப்பில்லை.

2003-இல் இரண்டு ஆய்வுத்தாள்கள் வந்தன. இரண்டும் சேர்ந்து அந்த எண்ணத்தை நிறுத்தியிருக்க வேண்டும். ஒன்று, வேறு மரபணுக் கோளாறுகளால் இதயம் பருத்த சுண்டெலிகளில் ஃபாஸ்போலாம்பனை நீக்கிப் பார்த்தது. தனிச் செல்களின் செயல் சீரானது. இதயம் ஆனாலும் செயலிழந்தது. செல்லை மீட்பதும் இதயத்தை மீட்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. மற்றது மனிதர்களைப் பற்றியது. ஃபாஸ்போலாம்பன் புரதமே உருவாகாதபடி மரபணுவின் இரு பிரதிகளும் பழுதான இருவரை எவாஞ்சலியா கிரானியாஸ் குழு விவரித்தது. சுண்டெலியில் இந்தப் புரதம் இல்லாவிட்டால் இதயம் கூடுதல் வலுவோடு இயங்கும், ஆயுளும் குறையாது. இவ்விருவருக்கோ இதயம் விரிந்து செயலிழந்தது. ஒருவருக்கு 16 வயதில், மற்றவருக்கு 27 வயதில் மாற்று இதயம் பொருத்த வேண்டிவந்தது.

சுண்டெலியைக் காத்த அதே மாற்றம் மனிதரை ஏன் வீழ்த்தியது? சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500 முதல் 600 முறை துடிக்கிறது. ஏற்கெனவே உச்சத்தில் ஓடும் அதற்குக் கையிருப்புத் திறன் தேவைப்படுவதில்லை. மனித இதயம் 70-இல் ஓய்வெடுத்து, தேவைப்படும்போது 150-க்குப் போவது. அந்த ஏற்ற இறக்கத்துக்கான திருகு ஃபாஸ்போலாம்பன். அதை எடுத்துவிட்டால் செர்கா எப்போதும் உச்சத்தில் ஓடும், அட்ரினலின் வந்து கூட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. செர்காவின் பங்கு 70-க்கும் 90-க்கும் இடையே வேறுபடுவதையும் இதோடு சேர்த்தால், இந்தக் கேள்விக்குச் சுண்டெலி பொருத்தமான சாட்சி இல்லை என்பது புலப்படும். இதை அப்போதே அறிந்திருந்தும் துறை சுண்டெலி முடிவுகளையே அடுக்கிக்கொண்டு போனது எனக்கு வருத்தம் தருகிறது. செலவானது பணம் மட்டுமல்ல, காத்திருந்த நோயாளிகளின் ஆண்டுகளும்தான்.

அடுத்தது மருத்துவமனைச் சோதனை. செர்கா 2ஏ மரபணுவைத் தீங்கற்ற ஒரு வைரஸில் ஏற்றி இதயத் தமனி வழியே செலுத்தும் க்யூபிட் சோதனையின் இரண்டாம் கட்ட முடிவு 2011-இல் வந்தது. மொத்தம் 39 பேர். அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்கு ஓராண்டில் இதய நிகழ்வுகளின் அபாயம் 88 சதவீதம் குறைந்ததாகச் சொல்லப்பட்டது. அந்த அதிக அளவைப் பெற்றவர்கள் 9 பேர். ஒன்பது பேரை வைத்து 88 சதவீதம் என்று சொல்வது கணக்கில் பிழையற்றதாக இருக்கலாம். ஆனால் அதில் ஒருவருக்கு நல்ல காலமாக அமைந்தாலும் விழுக்காடு புரண்டுவிடும். அடுத்த சோதனையான க்யூபிட் 2-இல் 250 பேர். முடிவு 2015 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு லான்செட் இதழில் முழுமையாக வெளிவந்தது. சிகிச்சை பெற்றவர்களுக்கும் வெறும் கரைசல் பெற்றவர்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

செர்காக் கருத்து அத்தோடு தோற்றது என்று பலர் எழுதினார்கள். இங்கே நான் அவர்களோடு உடன்படவில்லை. இறந்தவர்களிடமிருந்தும், இதயம் மாற்றப்பட்டவர்களிடமிருந்தும் கிடைத்த திசுவில் வைரஸ் மரபணு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். ஒரு மைக்ரோகிராம் டி.என்.ஏ.வில் அது சில நூறு பிரதிகளைத் தாண்டவில்லை. மனித உட்கரு ஒன்றில் இருக்கும் டி.என்.ஏ. ஏறத்தாழ 6.6 பிக்கோகிராம், ஆக, ஒரு மைக்ரோகிராம் என்பது சுமார் ஒன்றரை லட்சம் உட்கருக்களின் சரக்கு. ஒன்றரை லட்சத்துக்குச் சில நூறு என்றால் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இதயத்தில் உள்ள உட்கருக்களில் தசைச் செல்லுக்கு உரியவை ஒரு பகுதியே என்று தள்ளுபடி கொடுத்துக் கணக்கிட்டாலும், நூறு தசைச் செல்களில் இரண்டு மூன்றுக்கு மேல் மருந்து சேர்ந்திருக்க வழியில்லை. மருந்து போய்ச் சேராத இடத்தில் மருந்து பலிக்கவில்லை என்று தீர்ப்பு எழுதுவது நியாயமல்ல. க்யூபிட் 2 ஒரு விநியோக முறையின் தோல்வி. கருதுகோளுக்கு ஆதரவாகவும் எதிராகவும் அது எதையும் சொல்லவில்லை. ஆனால் இந்த அளவீட்டை முதல் சோதனையிலேயே, 250 பேரைச் சேர்ப்பதற்கு முன்பே, நிபந்தனையாக வைத்திருக்க வேண்டாமா?

இனி, கிடங்கின் ‘கசிவு’ பற்றிய கருத்து. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ மார்க்ஸ் குழு 2000-இல், செயலிழந்த இதயத்தில் ரையனோடின் ஏற்பியின் 2808-ஆம் செரினில் பி.கே.ஏ. அளவுக்கு மீறி பாஸ்பேட் ஏற்றுகிறது, அதனால் ஏற்பியைக் கட்டிவைக்கும் புரதம் ஒன்று கழன்றுவிடுகிறது, ஓய்வு நேரத்திலும் கால்சியம் கசிகிறது என்றது. ஒரு நொதி, ஒரு இடம், ஒரு கழலுதல், ஒரு நோய் என்று அழகாகப் பொருந்திய விளக்கம். அந்த இடத்தில் பாஸ்பேட் ஏறவே முடியாதபடி மாற்றிய சுண்டெலிகள் மாரடைப்புக்குப் பிறகு காப்பாற்றப்பட்டதாக 2006-இல் அதே குழு அறிவித்தது. 2007-இல் விஸ்கான்சினில் ஹெக்டர் வால்டிவியா குழு தனியாக அதே மாற்றத்தைச் செய்து பார்த்தது: நோய் வழக்கம்போல முற்றியது. ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டீவன் ஹவுசர் குழுவும் அதையே கண்டது. ஆதரவுச் சான்றின் பெரும்பகுதி ஓர் ஆய்வகத்திலிருந்தும், எதிர்ச்சான்று தனித்தனியாக இயங்கிய பல ஆய்வகங்களிலிருந்தும் வரும்போது எடை எந்தப் பக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2808 பற்றிய கூற்றைக் கைவிட வேண்டும்.

கசிவு பொய் என்று இதற்குப் பொருளல்ல. கேம்-கைனேஸ் என்ற வேறொரு நொதி 2814-ஆம் செரினில் பாஸ்பேட் ஏற்றுவதும், அதனால் கசிவு கூடுவதும் பல ஆய்வகங்களில் உறுதிப்பட்டிருக்கிறது. ஆனால் கசிவினால் மட்டும் இதயம் வலுவிழக்குமா? இங்கிலாந்தின் டேவிட் ஐஸ்னர் இதற்கு எதிராக வைத்த வாதம் இந்தத் துறையிலேயே நேர்த்தியானது. நிலையாகத் துடிக்கும் செல்லில் ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே வரும் கால்சியமும் வெளியே போகும் கால்சியமும் சமமாக இருந்தாக வேண்டும். குடும்ப வரவு செலவு போல ஒன்று மீறினால் கையிருப்பு மாறிக்கொண்டே போகும். ஏற்பியை எளிதில் திறக்கும்படி செய்தால் முதல் சில துடிப்புகளில் கூடுதல் கால்சியம் வெளிப்படும், அதில் ஒரு பகுதி செல்லைவிட்டே போகும், கிடங்கின் இருப்பு குறையும், அந்தக் குறைந்த இருப்பில் புதிய சமநிலை ஏற்பட்டு, ஒவ்வொரு துடிப்பிலும் வெளிப்படும் கால்சியம் பழைய அளவுக்கே திரும்பும். காஃபீன் கொண்டு நடத்திய சோதனைகளில் அப்படியே நடந்தது. ஆக, ஏற்பியின் கோளாறு நீடித்த பலவீனமாக வேண்டுமானால் செர்காவின் மந்தமும் பரிமாற்றியின் மிகைச் செயலும் கூட்டுச் சேர வேண்டும்.

இதற்கு மனிதச் சான்றும் உண்டு. ரையனோடின் ஏற்பியின் மரபணுப் பிழையால் வரும் ஓர் அரிய நோயில், ஓடும்போதோ அதிர்ச்சி அடையும்போதோ பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள், சிலர் இறந்துபோகிறார்கள். பிழையான மரபணு 2001-இல் கண்டறியப்பட்டது. இவர்களின் ஏற்பி பிறவியிலிருந்தே கசிகிறது. ஆனால் எக்கோவில் இதயம் இயல்பாக இருக்கும், பம்பிங் குறைந்திருக்காது. கசிந்த கால்சியத்தைப் பரிமாற்றி வெளியேற்றும்போது ஒரு கால்சியத்துக்கு மூன்று சோடியம் உள்ளே வருகிறது. அந்த மின்னோட்டம் வேண்டாத நேரத்தில் ஒரு துடிப்பைக் கிளப்புகிறது. கசிவு தாளத்தைக் கெடுத்து ஆளைக் கொல்லும், வலுவைக் கெடுப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தூய சான்று கிடைக்காது. இதய நோயாளிகள் திடீரென்று இறப்பதில் கால்சியத்துக்குப் பங்குண்டு என்ற கூற்றை இதனால்தான் முழுமனதோடு ஏற்கிறேன்.

மருந்துகளின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். செல்லுக்குள் கால்சிய ஓட்டத்தைக் கூட்டும் மில்ரினோன் மாத்திரையை 1,088 பேருக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 1991-இல் வந்தது: இறப்பு 28 சதவீதம் கூடியது. டிஜாக்ஸின் 1997-இல் 6,800 பேரில் மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைத்தது, இறப்பைக் குறைக்கவில்லை. அதன் உறவான டிஜிடாக்ஸின் 2025-இல் 1,212 பேரில் இரண்டும் சேர்ந்த எண்ணிக்கையைக் குறைத்தது உண்மை, ஆனால் அதில் கால்சியத்தின் பங்கு எவ்வளவு, நரம்பு மண்டலத்தைத் தணிப்பதன் பங்கு எவ்வளவு என்பது பிரித்தறியப்படவில்லை. மறுபுறம், கால்சியம் ஓட்டத்தை உடனடியாகக் குறைத்து இதயத்தை மந்தமாக்கும் பீட்டா தடுப்பான் ஒன்று 1999-இல் 2,647 பேரில் இறப்பை 34 சதவீதம் குறைத்தது. பீட்டா தடுப்பானால் தேறியவர்களின் இதயத் திசுவில் செர்கா மரபணுவின் வெளிப்பாடு பிறகு கூடியிருந்தது. யாரும் செர்காவைத் தொடவில்லை. இதயத்தின் சுமை இறங்கியதும் அது தானே தலைதூக்கியது.

இதுவரை சொன்னவற்றால் கால்சியக் கோளாறு வெறும் பின்விளைவு என்று முடிவு கட்டிவிடலாம் போலத் தோன்றும். அதற்குத் தடையாக நிற்பது துணைப் பம்பு நோயாளிகள் பற்றிய ஓர் ஆய்வு. இதயத்தோடு இணைக்கப்படும் எந்திரப் பம்பு சுமையை ஏற்றுக்கொண்டால் தசைச் செல்லின் சுருக்கமும் கால்சிய ஓட்டமும் சீராவது 1998-லேயே தெரிந்தது. பெரும்பாலோருக்கு இதயம் மட்டும் மீளவில்லை, எந்திரத்தைக் கழற்ற முடியவில்லை. லண்டன் ஹேர்ஃபீல்டில் இதோடு மருந்துகளையும் கடுமையாகக் கொடுத்துச் சிலரை எந்திரத்திலிருந்து விடுவித்தார்கள். சேசரே டெரசியானோ குழு 2004-இல் மீண்டவர்களின் செல்லையும் மீளாதவர்களின் செல்லையும் ஒப்பிட்டது. பருத்த செல் மெலிந்ததற்கும் மீட்சிக்கும் தொடர்பு தெரியவில்லை. கிடங்கில் கால்சியம் நிறைந்ததற்கும் மீட்சிக்கும் தொடர்பு இருந்தது. நோயாளிகள் சிலரே, தொடர்பு காரணமாகிவிடாது. என்றாலும் கால்சியம் சீராவது மீட்சிக்குப் போதாதபோதும் அது இன்றி மீட்சி நடப்பதில்லை என்று இந்தச் சான்று சுட்டுகிறது. இந்த ஒன்றுக்காகவே கருதுகோளை முற்றாகத் தள்ளிவிட நான் மறுக்கிறேன்.

ஆக, என் தீர்ப்பு இது. செயலிழந்த இதயத்தின் வலுக்குறைவுக்கும், தாமதமாகும் தளர்ச்சிக்கும், தாளக்கேட்டுக்கும் கால்சியக் கோளாறு நேரடிக் காரணம், நிறுவப்பட்டது. நோய் தோன்றுவதற்கு அது மூலகாரணம் என்பது, ஃபாஸ்போலாம்பன் மரபணுப் பிழை போன்ற சில அரிய வகைகள் நீங்கலாக, நிறுவப்படவில்லை. ஒரே ஒரு புரதத்தைத் திருத்தினால் நோய் மீளும் என்ற வாக்குறுதிக்கு மனிதரில் இன்றுவரை ஆதாரம் இல்லை. செர்காவைப் பொறுத்தவரை அது நியாயமாகச் சோதிக்கப்படவும் இல்லை. ஃபாஸ்போலாம்பனை முழுவதும் நீக்கும் எண்ணம் மனிதருக்கு ஆபத்தானது. கசிவை அடைக்கும் மருந்துகளைத் தாளக்கேட்டைத் தடுக்கும் மருந்துகளாகச் சோதிக்கலாம், பம்பிங்கைக் கூட்டும் மருந்துகளாக அல்ல.

அடுத்த சோதனை வரும், வந்துகொண்டும் இருக்கிறது. அதை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுக்களிடம் கேட்டுக்கொள்வது மூன்று. சுண்டெலி முடிவை மட்டும் வைத்து மனிதச் சோதனைக்குப் போக விடாதீர்கள்; மாற்று அறுவையில் கிடைக்கும் மனித இதயத் திசுவிலோ பன்றி போன்ற பெரிய விலங்கிலோ அதே பலன் தெரிய வேண்டும். நூற்றுக்கணக்கானோரைச் சேர்க்கும் முன் மருந்து எத்தனை சதவீதம் தசைச் செல்களைச் சென்றடைகிறது என்ற அளவீட்டைக் கேளுங்கள். ஒன்பது பேரிடம் கண்ட பலனை விழுக்காட்டில் வெளியிட அனுமதிக்காதீர்கள். இந்த மூன்றும் இல்லாத சோதனைக்கு எந்த நோயாளியிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கக் கூடாது.